மாப்பிள்ளை வண்டி அக்கா

வாரத்துக்கு ஒருத்தராவது செல்போனை நீட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்துவிடுகிறார்கள். போனில் ஒரு படம் இருக்கும். இரண்டே கதவு, தரையை ஒட்டிய உடம்பு, சிவப்போ மஞ்சளோ கண்ணைப் பறிக்கும். "அண்ணா, பன்னண்டு வருஷ வண்டி. புதுசுல அரைக் கோடியாம். இப்ப ஆறு லட்சத்துக்குத் தர்றான். வாங்கலாமா?" என்பார்கள். நான் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே சொல்வேன்: "வண்டிதான்பா ஆறு லட்சம். சாமான்லாம் இன்னும் அரைக் கோடி வண்டி வெலையிலதான் இருக்குது." கேட்டவர் முகம் வாடிவிடும். வாடினால் வாடட்டும். இருபத்தெட்டு வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து எழுந்தவன் நான். முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஆசைப்பட்டு வருகிறவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிற தெம்பு இப்போது இல்லை.

என்னென்ன போகும் என்று கேட்டால் மனப்பாடமாக ஒப்பிப்பேன். கிளட்ச் போகும். கியர் பெட்டியை இறக்கி ஏற்றி புது செட் போட எழுபதாயிரம். ரேடியேட்டரில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தொட்டி நம்ம ஊர் வெயிலில் விரிசல் விடும், இருபத்தைந்தாயிரம். மடக்குக் கூரையின் பம்பு நின்றுபோனால் ஒரு லட்சத்துக்கு மேல், அதுவும் சாமான் வரும்வரை மூன்று மாதம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டயர் மெலிசு, பள்ளத்தில் இறங்கினால் பக்கவாட்டில் கொப்புளம் கட்டும். ஊரில் உள்ள வேகத்தடை ஒவ்வொன்றும் முன்பக்க பம்பரில் ஒரு வாய் கடித்துக்கொள்ளும். இதையெல்லாம் நான் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் படிக்கவில்லை. ஒரே ஒரு வண்டியில் படித்தேன். அது ஒரு அக்காவுடைய வண்டி.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு குறுக்குத் தெருவில் வீடு. உள்ளே தறி. வெளியே, சாக்கடைக்கும் சுவருக்கும் நடுவே, தார்ப்பாய் போர்த்திய சிவப்புக் கார். காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டி வேலை நடக்கும்போது அந்தக் கார் அங்குலம் அசைய முடியாது. பாவு வேலைக்காரர்கள் அதைத் திட்டிக்கொண்டே சுற்றிக்கொண்டு போவார்கள்.

வாங்கியவர் அவர் வீட்டுக்காரர். சரிகை வாங்கி விற்கிற புரோக்கர். ஏதோ ஒரு நல்ல வருஷத்தில் கையில் காசு புரண்டபோது, சென்னையில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் போய் இதைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாங்கிய நாலாவது மாதம், சரிகை எடுக்க சூரத்துக்குப் போனவர் திரும்பவில்லை. முதலில் தினம் போன் வந்தது. பிறகு வாரம் ஒருமுறை. பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டது. பிள்ளைகள் கிடையாது. அக்காவுக்கு மிஞ்சியது ஒரு தறியும் ஒரு காரும். தறி சோறு போட்டது, கார் சோறு கேட்டது.

"வித்துடுங்கக்கா" என்று முதலில் சொன்னவன் நான்தான்.

"எவன் வாங்கறான் தம்பி? வர்றானுங்க, தடவிப் பாக்கறானுங்க, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கினு போயிடறானுங்க" என்றார். பிறகு, "மாப்பிள்ள அழைப்புக்கு வாடகைக்கு வுட்டா இன்னா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம்வரை மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரமும் மேளமும் முன்னால் போக ஊர்வலமாகக் கூட்டிவருவார்கள். நண்டும் சிண்டும் முன்னால் ஆடிக்கொண்டு போகும். வீட்டுக்கு வீடு நிற்கும். இருநூறு கிலோமீட்டர் வேகத்துக்குச் செய்த வண்டியை நாட்டிலேயே மெதுவான வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார். அது தாங்காது, சூடேறும், கிளட்ச் கருகும் என்று எல்லாம் சொன்னேன். "கருகட்டும், தறியில ஒக்காந்து நான் கருகல?" என்று சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டார். டிரைவர் வைத்தால் கட்டாது.

பொம்பளை ஓட்டுகிற காரா என்று முதல் இரண்டு வீட்டார் முகம் சுளித்தார்கள். அக்கா அதற்கும் வழி பண்ணினார். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம், தாலிச் சரட்டில் புது மஞ்சள். "சுமங்கலி கையால மாப்பிள்ளய அழைச்சிக்கினு போனா குடும்பத்துக்கு நல்லதும்மா. எவனோ ஒரு டிரைவர் ஓட்டுறதுக்கு இது எவ்ளோ மேலு!" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு காருக்காக வந்தவர்களைவிட அந்தச் சுமங்கலிக்காக வந்தவர்கள் அதிகம். அவருடைய பிழைப்பு முழுவதும் அந்தக் குங்குமத்தின் மேல் உட்கார்ந்திருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு ஊர்வலத்துக்கும் நானும் கூடவே நடக்க வேண்டும். வேட்டி சட்டை, கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஸ்பேனர், டேப், தண்ணீர் பாட்டில். மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீட்டு மாமன் என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா என்று நினைப்பார்கள். இரண்டு பக்கமும் சந்தனம் பூசிவிடும். பகலெல்லாம் வேலை பார்த்த உடம்பு, மேளச் சத்தத்தில் தலை விண்விண்ணென்று தெறிக்கும். ஒரு கல்யாணத்திலும் நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

அக்காவிடம் ஒரு வித்தை இருந்தது. எது நின்றுபோனாலும் அது நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கிறது என்று கூட்டத்தை நம்பவைத்துவிடுவார். நல்லபடியாக ஓடுகிற வண்டியை ஓட்ட யாராலும் முடியும். ஓடாத வண்டியை ஊர்வலமாகக் கொண்டுபோக அவரால்தான் முடிந்தது.

முதல் வருஷம் அந்த ரேடியேட்டர் சங்கதி. பூ அலங்காரம் செய்கிறவர் வண்டியின் முகத்தை மொத்தமாக ரோஜாவால் மூடிவிடுவார். "அது வண்டி மூச்சு வுடுற எடம்யா" என்று கத்திப் பார்த்தேன். முன்னால் பூ இல்லாத காருக்கு யார் வாடகை தருவார்கள்? இருபது நிமிஷத்தில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். மேற்கு ராஜ வீதிக்குத் திரும்புகிற முனையில் ஒருநாள் முகப்பிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. மாப்பிள்ளை வண்டி பாதி வழியில் நின்றால் அபசகுனம் என்று ஒரு கிழவர் ஆரம்பித்தால் போதும், ஊர்வலம் கலாட்டாவாகிவிடும்.

அக்கா பதறவில்லை. கையைத் தூக்கினார். மேளம் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி, மஞ்சளைக் கரைத்து, நாலு மாவிலையைப் போட்டார். "இந்த முனையில மாப்பிள்ளைக்கு நீர் காட்டணும். வழக்கமா செய்யறதுதான், உங்க ஊர்ல இல்லியா?" என்று மாப்பிள்ளையின் அம்மாவைக் கேட்டார். இல்லை என்று சொல்ல அந்த அம்மாவுக்கு வெட்கமாக இருந்திருக்கும். "இருக்குதும்மா, இருக்குது" என்றார். குடத்தோடு வண்டியை மூன்று சுற்று சுற்றி, முகப்புப் பூவின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். நாதஸ்வரக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு நீளமாக ஒன்றை எடுத்து ஆற அமர வாசித்தார். கால் மணி நேரத்தில் முள் இறங்கிவிட்டது.

"வண்டி நின்னுடுச்சேன்னு நெனச்சேன்கா" என்று பிறகு சொன்னேன்.

"நின்னதா யாரு சொன்னா? நிறுத்தியிருக்கேன்" என்றார்.

அடுத்த முகூர்த்தத்தில் மேளக்காரரே "நீர் காட்டுற எடம் வந்துடுச்சிம்மா" என்று குரல் கொடுத்தார். அதற்கடுத்த வருஷம் வேறு காரில், குதிரை வண்டியில் போகிற மாப்பிள்ளைகளும் அந்த முனையில் நின்று தண்ணீர் காட்டிக்கொண்டு போனார்கள். குதிரைக்கு எதற்கு ரேடியேட்டர்? ஒரு பெரியவர் அக்காவிடமே வந்து, "இடமிருந்து வலம் சுத்தணும்மா, எங்க தாத்தா காலத்துலருந்து அப்பிடித்தான். நீ மாத்திச் சுத்துற" என்று கோபித்துக்கொண்டார். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தெரியாம பண்ணிட்டேன் சாமி" என்றார். நான் பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மடக்குக் கூரை போனதும் இப்படித்தான். மாப்பிள்ளைத் தோழனுக்கு இரண்டு சீட் காரில் இடம் ஏது? மடித்து வைத்த கூரை மேல் ஏறி உட்கார்ந்தான். எண்பது கிலோ. கூரை அதற்குப் பிறகு எழவே இல்லை. ஐப்பசி மழையில் ஒரு ஊர்வலம். அக்கா கோயில் குடை செய்கிற ஒருவரிடம் போய், சாமிக்குப் பிடிக்கிற மாதிரி பெரிய வெள்ளைக் குடை ஒன்றை வாடகைக்கு வாங்கிவந்து பின்னால் ஒரு ஆளை நிறுத்திப் பிடிக்கச் சொன்னார். மாப்பிள்ளை உற்சவமூர்த்தி மாதிரி நனையாமல் வந்து சேர்ந்தான். போட்டோகிராபருக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு வெயிலிலும் குடை கேட்டார்கள். பம்பு மாற்ற ஒரு லட்சம் என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டை அக்கா நாலாக மடித்து, ஆடுகிற கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்துவிட்டார்.

கிளட்ச்சை மட்டும் அவரால் ஏமாற்ற முடியவில்லை. அது அவர் காலோடு சம்பந்தப்பட்டது. தறியில் பழகிய கால். மிதியிலிருந்து காலை எடுத்தால் நெசவு நின்றுவிடும். அதனால் அவருடைய இடது கால் கிளட்ச்சின் மேல் ஏறினால் இறங்காது. அழுத்தியும் அழுத்தாமலும் அப்படியே கிடக்கும். மற்றவர்கள் பத்து வருஷம் ஓட்டுகிற பிளேட்டை அக்கா இரண்டே வருஷத்தில் முடித்துவைத்தார். "காலை எடுங்கக்கா, காலை எடுங்கக்கா" என்று காரோடு நடந்துகொண்டே கெஞ்சுவேன். "எடுக்கத்தான் பாக்கறேன் தம்பி. அது கேக்க மாட்டேங்குது" என்பார். ஒவ்வொரு தடவையும் பெட்டியை இறக்கியவன் நான். என் இடுப்பு வலியில் பாதி அந்தக் காலால் வந்தது.

வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால், "சூரத்துல இருக்காரு. சீசன் முடிஞ்சதும் வருவாரு" என்பார். ஆறு வருஷம் இதே பதில். நின்றுபோன வண்டியை நிறுத்தியதாகச் சொல்வது மாதிரிதான் இதுவும் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதத்தில்தான் காரைப் பட்டறையில் போடுவோம். அப்படி ஒரு ஆடியில், மத்தியானம், நான் மூன்றாவது முறையாகப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். போன் வந்தது. கையில் டம்ளர் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

சேலத்துப் பக்கத்து ஆள். சூரத்தில் வேலை பார்க்கிறவர். அக்காவின் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர். மஞ்சள் காமாலை வந்து இறந்துவிட்டார், அங்கேயே எரித்துவிட்டோம், ஏழு மாதம் ஆகிறது என்றார். இப்போதுதான் அறையைக் காலி செய்யும்போது ஒரு பைக்குள் இந்த எண் எழுதிய சீட்டு கிடைத்ததாம். "ஒரு சட்டையும் ஒரு கடிகாரமும் இருக்குதுங்க. அனுப்பட்டுங்களா?"

"வேணாம்பா. யாருக்காவது குடுத்துடு" என்றார் அக்கா. போனை அணைத்தார். டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். அழவில்லை. நான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரலாமா வேண்டாமா என்று தெரியாமல் அங்கேயே கிடந்தேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, ஏழு மாசம்னா மார்கழி இல்ல?" என்றார்.

"ஆமாக்கா."

"அப்ப தையிலருந்து நான் ஓட்டுன வண்டியெல்லாம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தையிலிருந்து ஆனிவரை பதினாலு மாப்பிள்ளைகள். பதினாலு பேரையும் சுமங்கலி கையால் அழைத்துப் போவதாகச் சொல்லித்தான் அழைத்துப் போயிருந்தார். ஒரு சாவைவிட அவரை அந்தப் பதினாலு அதிகமாக உலுக்கியது. ஊரை நம்பவைத்தவர் என்று சொன்னேன் அல்லவா? தானும் கொஞ்சம் நம்பித்தான் வந்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து பதினாலு வீட்டுக்கும் போன் போட்டார். என் பட்டறையில் உட்கார்ந்துதான். வீட்டிலிருந்து பேச அவருக்குப் பயம். "வண்டியில ஒரு கர்ச்சீப்பு கெடச்சிதும்மா, உங்களுதான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்" என்று ஆரம்பிப்பார். இல்லாத ஒரு கர்ச்சீப்பை பதினாலு பேருக்கும் சொந்தமாக்கினார். பிறகு, போகிற போக்கில் கேட்பது மாதிரி, "பொண்ணும் மாப்பிள்ளையும் சௌக்கியமா?" என்பார்.

முதல் வீட்டில், "பொண்ணு அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிடுச்சிம்மா" என்றார்கள். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. போனை அப்படியே என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் கேட்டேன். ஆடிக்கு அழைத்துப் போயிருக்கிறார்களாம். புதுப் பெண்ணை ஆடி மாதம் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போவது ஊரெல்லாம் நடக்கிறதுதானே, அது அவருக்கு மறந்தே போய்விட்டது. இரண்டாவது வீட்டிலும் அதே பதில். மறுபடி அதே வெளுப்பு. "ஆடிக்கா, ஆடிக்கு" என்று நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் ஆனது. ஒரு ஜோடி ஏசி வைக்கிற சண்டையில் பேசாமல் இருந்தது. ஒரு மாப்பிள்ளைக்கு வேலை மாற்றலாகியிருந்தது. ஒரு பெண் முழுகாமல் இருந்தாள். மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை.

"யாருக்கும் ஒன்னும் ஆவல தம்பி" என்றார் அக்கா.

"அப்புறம் இன்னாக்கா? ஆவணியில நாலு வண்டி சொல்லியிருக்காங்க. பேசாம ஓட்டுங்க."

"அது நான் தெரியாம ஒக்காந்தது. இது தெரிஞ்சி ஒக்கார்றது."

"யாருக்கு இன்னா தெரியப்போவுது? நெத்திப் பொட்ட எடுத்தீங்கன்னா வண்டிய எடுக்க முடியாது."

இதைச் சொன்னவன் நான். எனக்கு அந்த அக்காவின் மேல் பாசம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தை பாசத்தில் வரவில்லை, அலுப்பில் வந்தது. ஒரு வண்டியை மூன்று தடவை இறக்கி ஏற்றியவனுக்கு, அது எப்படியாவது ஓடினால் போதும் என்றிருந்தது. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

கதை மாதிரி இழுத்துச் சொல்ல எனக்கு வராது, அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆவணிக்குப் பிறகு அக்காவை யாரும் மாப்பிள்ளை அழைப்புக்குக் கூப்பிடவில்லை. சொல்லியிருந்த மற்ற மூன்று வீட்டாரும் தன்மையாகவே வேண்டாம் என்றார்கள். காரைச் சாமான் சாமானாகக் கழற்றி விற்றுக்கொடுத்தேன். அக்கா தென்னேரியில் தங்கை வீட்டோடு போய்விட்டார். தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன் ஒன்றை ஓட்டுகிறார் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை. இனி அந்த ஒரு சாயங்காலம்தான் பாக்கி.

ஆவணியின் முதல் வண்டி, முசரவாக்கத்து மாப்பிள்ளை. பயிர் வைக்கிற குடும்பம். அப்பா ஒல்லியான, பேசாத மனிதர். அம்மா நல்ல உயரம், களத்தில் நின்று பழகிய குரல். மகனை வண்டியில் ஏற்றும்போதே, "பாத்து ஓட்டும்மா, ஒரே புள்ள" என்றார். அக்கா தலையை மட்டும் அசைத்தார். வழக்கமாகக் கலகலவென்று பேசுகிறவர் அன்று வாயைத் திறக்கவில்லை. பூ இருந்தது, குங்குமம் இருந்தது. கண் மட்டும் எங்கேயோ இருந்தது. நான் போட்டிருந்த கிளட்ச் பிளேட்டும் கம்பெனி சாமான் இல்லை. எங்கேயோ கழற்றியதை மேலாகத் தேய்த்துப் போட்டது. அதற்குமேல் இரண்டு பேரிடமும் வசதி இல்லை.

நீர் காட்டுகிற முனையைத் தாண்டிவிட்டோம். மண்டபத்தின் சீரியல் விளக்கு கண்ணுக்குத் தெரிந்தது. இருநூறு அடி இருக்கும். எஞ்சின் திடீரென்று உறுமியது, வண்டி நகரவில்லை. கருகல் வாசனை பூவாசனையை அமுக்கிக்கொண்டு எழுந்தது. எனக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, பிளேட் முடிந்தது. ரோட்டில் வைத்து எதுவும் செய்ய முடியாது. "அணைச்சிடுங்கக்கா" என்றேன்.

அக்கா அணைத்தார். பழக்கத்தில் கை தானாக மேலே போனது. மேளம் நின்றது. கூட்டமும் பக்தியாக நின்றது. இங்கே என்ன சடங்கோ என்று எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கையை இறக்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா தட்டோடு முன்னால் வந்தார். "சொல்லும்மா, இங்க இன்னா பண்ணணும்? மொதல்ல ஓட்டிக்கினு வந்த உனக்குத்தான் வெக்கணும்" என்று குங்குமத்தைத் தொட்டு அக்காவின் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "வெக்காதீங்கம்மா."

"ஏன்?"

"எங்க ஊட்டுக்காரரு செத்துட்டாரு. மார்கழியிலயே போயிட்டாராம். எனக்குப் போன மாசந்தான் தெரியும். தெரிஞ்சும் உங்க புள்ளைய ஏத்திக்கினு வந்துட்டேன். வண்டியும் போச்சி. இனிமே நவுராது."

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர், "மொதல்ல எறங்கும்மா நீ! எறங்கு!" என்று சத்தம் போட்டார். யாரோ ஒரு பெண் 'ஐயோ' என்றாள். மாப்பிள்ளை கதவைத் திறந்து இறங்கப்போனான். "நீ ஒக்கார்றா" என்றார் அவன் அம்மா. குங்குமம் விரலிலேயே இருந்தது. அக்காவைப் பார்த்தபடி நின்றார். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

நான் பையைக் கீழே போட்டுவிட்டு நடுவில் போய் நின்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. "அம்மா, மார்கழிக்கு அப்பால இவங்க பதினாலு மாப்பிள்ளைய அழைச்சிக்கினு போயிருக்காங்க. பதினாலு ஊட்டுக்கும் போன் பண்ணிக் கேட்டோம். எல்லாரும் நல்லா இருக்காங்க. ஒரு பொண்ணு முழுவாம இருக்குது. மறைச்சி ஓட்டச் சொன்னது நான்தான், திட்றதுன்னா என்னைத் திட்டுங்க."

"நீ யாருப்பா?"

"மெக்கானிக்குமா."

"பொண்ணுக்கு மாமன்னு நெனச்சேனே" என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "போன மாசம் சேதி தெரிஞ்சிதா?"

"ஆமாம்மா."

"யாராவது ஊட்டாண்ட வந்து ஒக்காந்தாங்களா? ஒப்பாரி வெச்சாங்களா?"

"யாருக்கும் சொல்லலம்மா."

"ஒத்தையிலயா வெச்சிக்கினு இருந்தே?"

அந்த அம்மா விரலில் இருந்த குங்குமத்தைத் தன் முந்தானையில் துடைத்துக்கொண்டார். தட்டை வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். பெரியப்பா மறுபடி ஏதோ ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க மாமா. பொண்ணு ஊட்டுக்காரங்க வாசல்ல நிக்கறாங்க. எம்புள்ளைய இவ்ளோ தூரம் கொண்டாந்தது இந்தப் பொண்ணு. வந்து தள்ளுங்க" என்றார். அந்த அம்மா கை வைத்ததும் மாப்பிள்ளையின் அப்பா தட்டோடு வந்து ஒரு கையால் தள்ளினார். பிறகு இன்னும் நாலைந்து பேர். பெரியப்பா கடைசிவரை வரவில்லை, ஓரமாக நடந்தார். மேளக்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், வாசிக்க ஆரம்பித்தார்.

எஞ்சின் அணைந்தால் அந்த மாதிரிக் காரில் ஸ்டீரிங் கல்லாகிவிடும். அக்கா இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு திருப்பிக்கொண்டிருந்தார். பத்தடி போவதற்குள் தோள் குலுங்க ஆரம்பித்தது. சூரத்திலிருந்து போன் வந்த அன்று வராதது, அதற்கு முந்தைய ஆறு வருஷமும் வராதது, எல்லாம் சேர்ந்து வந்தது. வாயைத் திறந்து சத்தமாக அழுதார். பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழித்தான். வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. முன்னால் குழந்தைகள் ஆடிக்கொண்டு போனார்கள்.

"அழுவுறதா இருந்தா நல்லா அழுதுக்கோம்மா" என்று பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் மேளத்தை மீறிக்கொண்டு வந்தது. "ஸ்டீரிங்க மட்டும் வுட்டுடாத. முன்னால புள்ளைங்க போவுது."